கூடங்குளமா, தூத்துக்குடியா, கமுதியா: மதுரைக்கு எந்தக் கரண்ட்?

2011இல் ஜப்பானில் உலைகள் உருகிய புகுஷிமா அணுமின் நிலையத்தின் பெயரை எடுத்தாலே மதுரைப் பக்கம் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "கூடங்குளத்தை இழுத்து மூடு" என்பார் ஒருவர். "மூடிவிட்டு 2012 மாதிரி பத்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் வியர்த்துக்கொண்டு கிடக்கவா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே அணு உலையை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். அதை மூடினால் அந்த இடத்துக்கு எது வரும், அது யாரை, எந்த நேரத்தில் அடிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

மதுரையை நடுவில் வைத்துக்கொள்வோம். தெற்கே நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டரில் கூடங்குளம், 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. 130 கிலோமீட்டரில் தூத்துக்குடி அனல்மின் நிலையம், 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள். ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி சோலார் பண்ணை, 648 மெகாவாட். மேற்கே ஆண்டிப்பட்டி, தேனிப் பக்கம் காற்றாலைகள். கம்பம் பள்ளத்தாக்கின் கடைசியில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குழாய்களில் இறங்கும் லோயர் கேம்ப் நீர்மின் நிலையம். எல்லாமே ஒரே மின்தொகுப்பில் போய்ச் சேர்கின்றன. கம்பியில் ஏறிய பிறகு இது அணுக் கரண்ட், இது வெயில் கரண்ட் என்று பிரிக்க வழியில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கெடுதல் செய்யும் நேரம் வேறு. அந்த நேரத்தை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறோம்.

உலையை நிறுத்தலாம், சூட்டை நிறுத்த முடியாது

கூடங்குளத்தில் ஓர் உலை முழு வேகத்தில் ஓடும்போது 1,000 மெகாவாட் மின்சாரம் கிடைக்கிறது. அதற்காக உள்ளே உண்டாகும் வெப்பம் 3,000 மெகாவாட். ஆபத்து என்றால் கட்டுப்பாட்டுக் கோல்கள் சில நொடிகளில் இறங்கி அணுப்பிளவை நிறுத்திவிடும். ஆனால் பிளந்த அணுக்களின் மிச்சங்கள் சிதைந்துகொண்டே இருக்கும், வெப்பத்தையும் விட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அந்த எச்ச வெப்பம் முழு வெப்பத்தில் ஆறு, ஏழு சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவில். ஒரு மணி நேரம் கழித்து ஒன்று முதல் ஒன்றரை சதவீதம். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம், 15 மெகாவாட்.

15 மெகாவாட் கொஞ்சம்தானே என்று தோன்றும். அதைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து மட்டுமே வெளியேற்றுவதாக வைத்துக்கொண்டால் மணிக்கு இருபது டன்னுக்கு மேல் ஆவியாகிப் போகும். மதுரைத் தெருவில் வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கணக்குப் போட்டால், உலையை நிறுத்தி ஒரு நாள் ஆன பின்பும் மணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு லாரி. முதல் மணி நேர முடிவில் ஐந்து லாரி வேகம். இந்தத் தண்ணீரை உள்ளே தள்ளப் பம்ப் வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். உலை நின்றுவிட்டதால் அதன் சொந்தக் கரண்ட் இல்லை. நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் குளிர்விக்க இவ்வளவு கரண்ட் கேட்கும் மின் நிலையம் வேறில்லை.

2011 மார்ச் 11 அன்று புகுஷிமா டாயிச்சியில் நிலநடுக்கம் உலைகளை உடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சொன்னபடி நின்றன. வெளி மின்கம்பிகள் விழுந்ததும் டீசல் ஜெனரேட்டர்களும் ஓடத் தொடங்கின. சுமார் 50 நிமிடம் கழித்து வந்த அலை 14, 15 மீட்டர் உயரம். நிலையம் எதிர்பார்த்து வைத்திருந்தது 5.7 மீட்டர். ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவையும் மின் பலகைகளும் டர்பைன் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தன, மூழ்கிவிட்டன. 1, 2ஆம் உலைகளுக்கு பேட்டரியும் போயிற்று. உலைக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் மீட்டருக்கே கரண்ட் இல்லை. ஊழியர்கள் நிறுத்தியிருந்த வண்டிகளின் பேட்டரிகளைக் கழற்றி வந்து மீட்டரில் மாட்டிப் பார்த்தார்கள். வெளியிலிருந்து ஜெனரேட்டர் ஏற்றிய வண்டிகளும் வந்தன. கேபிளை இழுத்து இணைத்த நேரத்தில் 1ஆம் உலைக் கட்டிடத்தில் ஹைட்ரஜன் வெடித்து கேபிளைக் கெடுத்தது. அந்த ஹைட்ரஜன் வந்த வழி இதுதான்: தண்ணீர் வற்றிய எரிபொருளின் சிர்கோனிய உலோக உறை, 1,000 டிகிரியைத் தாண்டியபோது நீராவியோடு வினைபுரிந்தது.

அதே வளாகத்தில் 5, 6ஆம் உலைகள் தப்பின. 6ஆம் உலைக்கான ஒரு ஜெனரேட்டர் காற்றால் குளிரும் வகை, கடல்நீர்ப் பம்பை நம்பியது இல்லை. தண்ணீர் எட்டாத இடத்திலும் இருந்தது. அந்த ஒரே ஜெனரேட்டர் இரண்டு உலைகளையும் காப்பாற்றியது. வடக்கே ஓனகாவா நிலையம் நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கம். அங்கே 13 மீட்டர் அலை வந்தது. ஆனால் மனையே கடல்மட்டத்துக்கு மேல் 14 மீட்டர் அளவில் இருந்ததால் பிழைத்தது. எல்லாம் பூமியின் குற்றம் என்று சொல்ல முடியாது. ஜெனரேட்டரை எந்தத் தளத்தில் வைப்பது என்ற ஒரு முடிவு. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தரைத்தளத்தில் ஜெனரேட்டர் வைத்திருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூடங்குளத்தில் எது வேறு, எது வேறில்லை

கூடங்குளத்து உலை ரஷ்ய வி.வி.ஈ.ஆர். வகை. 1986இல் வெடித்த செர்னோபில் உலையும் ரஷ்யாவினுடையதுதானே என்று பலர் கேட்கிறார்கள். அது கிராஃபைட் உலை, கனமான கான்கிரீட் கவசக் கூடம் கிடையாது, தண்ணீர் ஆவியானால் வேகம் கூடும் குணம் அதற்கு இருந்தது. வி.வி.ஈ.ஆரில் தண்ணீர் போனால் அணுப்பிளவும் போய்விடும், மேலே இரட்டைச் சுவர்க் கூடம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல.

புகுஷிமாவோடு ஒப்பிட்டால் கூடங்குளத்துக்குச் சாதகமானவை நான்கு. ஒன்று, கரண்ட் இல்லாமலே வெப்பத்தை எடுக்கும் அமைப்பு: நீராவி உற்பத்திக் கலனிலிருந்து ஆவி மேலே ஏறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, தன் எடையால் திரும்ப இறங்கும். பம்ப் தேவையில்லை. இரண்டு, ஹைட்ரஜனைச் சேரவிடாமல் கரண்ட் இல்லாமலே நீராக மாற்றும் வினையூக்கிப் பெட்டிகள். மூன்று, உருகிய எரிபொருள் கலனைத் துளைத்தால் ஏந்திக்கொள்ளும் பாத்திரம். நான்கு, புவியியல். சுமத்ராப் பக்கம் கடல் குலுங்கினால் நம் கரைக்கு அலை வர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். 2004 டிசம்பரில் கூடங்குளத்தில் அலை இரண்டு மீட்டர் அளவுதான், நிலையக் கட்டிடங்கள் 7 மீட்டருக்கும் மேலே. அதே நாளில் கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த 2ஆம் அலகு நிறுத்தப்பட்டுப் பத்திரமாகக் குளிர்ந்தது.

பாதகத்துக்கு வருவோம். மேலே சொன்ன காற்றுக் குளிர்ச்சி, உலைக்குள் தண்ணீர் சுற்றிவரும் முதல் சுற்றுக் குழாய்கள் முழுதாக இருந்தால்தான் வேலை செய்யும். பெரிய குழாய் ஒன்று உடைந்தால் வெளியிலிருந்து தண்ணீர் தள்ளியே ஆகவேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். தீர்ந்த எரிபொருள் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர்க் குளத்தில் கிடக்கிறது. அதை நிரந்தரமாகப் புதைக்க ஓரிடம் இந்தியாவில் இன்னும் இல்லை. ஓடும் இரண்டோடு சேர்த்து ஆறு உலைகளையும் ஒரே கடற்கரையில் அடுக்கும் திட்டம் புகுஷிமாவின் இன்னொரு பாடத்தை மறந்தது. அங்கே ஓர் உலைக் கட்டிடம் வெடித்து அடுத்த உலையின் வேலையைக் கெடுத்தது. எங்களுக்கு உறுத்துவது இதுதான்.

மதுரைக்காரருக்கு நேரடியாக என்ன? அவசரத் திட்டம் 16 கிலோமீட்டர் வரைக்கும்தான். 200 கிலோமீட்டரில் இருப்பவர் மூட்டை கட்டி ஓட வேண்டிய நிலை வராது. ஓடுவதே கொல்லும் என்பதும் புகுஷிமாவில் தெரிந்தது. கதிர்வீச்சின் உடனடித் தாக்கத்தில் பொதுமக்களில் ஒருவரும் சாகவில்லை. ஆனால் ஒன்றரை லட்சம் பேரை இடம்பெயர்த்ததில், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து பஸ்ஸில் ஏற்றப்பட்ட முதியவர்கள் உட்பட, 2,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அந்த மாகாணமே கணக்கில் ஏற்றியிருக்கிறது. தூரத்து ஊர்களுக்குச் சோறுதான் பிரச்சினை. 300 கிலோமீட்டருக்கு அப்பால் ஷிசுவோகா தேயிலையில் அளவுக்கு மீறிய கதிரியக்கச் சீசியம் அகப்பட்டது. இங்கே அப்படி நடந்தால் முதலில் கவனிக்க வேண்டியது பசும்பால், கீரை, பிறகு தென்கடல் மீன். பாலில் ஏறும் அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும், மூன்று மாதத்தில் ஒன்றுமில்லாமல் போகும். அதுவரை குழந்தைகளுக்குப் பழைய இருப்புப் பால்பவுடர் போதும். சீசியம்-137 பாதியாக முப்பது வருடம் ஆகும், அது மண்ணோடு போராட்டம். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை தைராய்டை மட்டும் காக்கும், அதுவும் முன்கூட்டியோ சில மணி நேரத்துக்குள்ளோ சாப்பிட்டால்தான். அது கிடைக்கவில்லை என்று புண்ணுக்குப் போடும் டிங்சர் அயோடினை யாரும் குடித்துவிடக் கூடாது. அது விஷம்.

ஒரு சின்ன விலகல். போடி மேற்கு மலை, பொட்டிப்புரத்தில் வருவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது மின்சாரமும் தயாரிக்காது, அணுவையும் பிளக்காது. வானிலிருந்து வரும் துகளைக் காந்த இரும்பு அடுக்கில் பிடித்துப் பார்க்கும் கருவி. மலையைக் குடைவது சரியா என்று கேட்கலாம், அது வேறு வழக்கு.

தூத்துக்குடி: விபத்தே நடக்காவிட்டாலும்

நிலக்கரி நிலையத்தில் பெரிய விபத்து வேண்டாம், ஒழுங்காக ஓடினாலே போதும். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் 700 கிராம் எரிகிறது. 1,000 மெகாவாட் நாள் முழுக்க ஓடினால் 16,000 டன்னுக்கு மேல், சரக்கு ரயில் கணக்கில் நாலு. அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல், நாளுக்கு 5,000 டன்னுக்கு மேல். கூடங்குளத்து ஓர் உலையில் இருப்பது 163 எரிபொருள் கட்டுகள். எரிபொருள் மாற்ற நிறுத்தும்போது மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வரும். சாம்பல் செங்கலாகவும் சிமெண்டாகவும் போவது போக மிச்சம் குட்டையில் கிடந்து ஆடிக்காற்றில் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி நுரையீரலுக்குப் போகிறது. உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு இத்தனை சாவு என்று போட்ட உலகக் கணக்குகள் பெரும்பாலானவற்றில் நிலக்கரிதான் முதலிடம், செர்னோபிலையும் புகுஷிமாவையும் சேர்த்த பிறகும் அணு அதற்கு வெகு கீழே. வித்தியாசம், நிலக்கரிச் சாவுக்கு நாளும் தேதியும் கிடையாது, அதனால் பேப்பரில் வராது.

தூத்துக்குடி அலகுகளில் முதலாவது 1979இல் ஓடத் தொடங்கியது. எதை முதலில் மூடுவது என்று எங்களைக் கேட்டால், கூடங்குளத்துக்கு முன்னால் இந்தப் பழைய அலகுகள். ஜெர்மனி வரிசையை மாற்றிச் செய்தது. புகுஷிமா நடந்த 2011இலேயே எட்டு உலைகளை நிறுத்தியது, கடைசி மூன்றை 2023 ஏப்ரல் 15 அன்று மூடியது. நிலக்கரியை முழுதாக விட அங்கே வைத்திருக்கும் கெடு 2038. ஜப்பான் எல்லா உலைகளையும் நிறுத்திவிட்டு வெளிநாட்டு எரிவாயுவையும் நிலக்கரியையும் கப்பல் கப்பலாக இறக்கியது, 2015இல் செண்டாய் அணுமின் நிலையத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டத் தொடங்கியது.

கமுதி: சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை அடைப்பு

கமுதிப் பண்ணை சுமார் 2,500 ஏக்கர், 2016இல் திறந்தார்கள், கட்டி முடிக்க எட்டு மாதம். கூடங்குளம் முதல் உலைக்குக் கான்கிரீட் போட்டது 2002இல், வணிக உற்பத்தி 2014 கடைசி நாளில். வேகத்தில் வெயிலை அடிக்க ஆளில்லை. விலையும் இறங்கிவிட்டது. கமுதியில் யூனிட்டுக்கு ₹7.01 என்று ஒப்பந்தம் போட்டார்கள், பிறகு நாட்டில் நடந்த ஏலங்களில் இரண்டரை ரூபாய் பக்கம் வந்துவிட்டது. முந்தியவர் அதிகம் கொடுத்தார், அவ்வளவுதான்.

கணக்கின் மறுபக்கம் நிலம். ஒரு மெகாவாட் சோலார் வருடத்துக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் தரும். 80 சதவீத நேரம் ஓடும் ஒரு கூடங்குள உலை தருவது 700 கோடி யூனிட். அதற்கு ஈடாக 4,300 மெகாவாட்டுக்கு மேல் சோலார் வேண்டும், கிட்டத்தட்ட ஏழு கமுதி, 17,000 ஏக்கர். ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலம் மண்டிய நிலம் நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் வேலி போடும்போது கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாயை மறித்தால் கீழே இருக்கும் ஊர் அந்த வருடமே காயும். அனுமதி கொடுக்கும் முன் கிராமப் புல வரைபடத்தில் கால்வாயைக் குறித்துப் பார்ப்பது ஒரு நாள் வேலை. தகடு கழுவத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்றும் கேட்க வேண்டும். தண்ணீரில்லாமல் துடைக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன, அதை நிபந்தனையாகவே போடலாம்.

சூரியன் சாய்ந்ததும் இதன் உற்பத்தி பூஜ்யம். கோடையில் மதுரை ஏசி போடுவது ராத்திரி பத்து மணிக்கு. காற்றாலை ஓரளவு கைகொடுக்கும்: வைகாசி தொடங்கி ஆவணி வரை கம்பம் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் ராத்திரியும் காற்று உண்டு. மார்கழியில் இறக்கைகள் சும்மா நிற்கும். அதனால் பகல் கரண்டைச் சேர்த்துவைக்கும் இடம்தான் உண்மையான கேள்வி. ராத்திரி நாலு மணி நேரம் 1,000 மெகாவாட் கொடுக்க 40 லட்சம் யூனிட் சேமிப்பு தேவை. பேட்டரியில் சேர்த்தால் போட்டதில் 85 சதவீதத்துக்கு மேல் திரும்பும். தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி இறக்கினால் 75 சதவீதம் அளவு. நமக்குக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களிலிருந்து இருக்கிறது. பேட்டரிக்கும் விபத்து உண்டு. 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கிடங்கு எரிந்தது. அங்கே பேட்டரிகள் ஒரே பழைய கட்டிடத்துக்குள் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. தனித்தனிப் பெட்டிகளாக இடைவெளி விட்டு வெளியில் வைத்தால் ஒரு பெட்டியோடு போகும். லோயர் கேம்ப் நீர்மின்சாரம் சுத்தமானது, ஆனால் பாசனத்துக்குத் திறக்கும்போதுதான் ஓடும். கம்பம் விவசாயி காத்திருக்கும் தண்ணீரைக் கரண்டுக்காக முன்னே பின்னே திறக்கச் சொல்ல முடியாது.

எங்கள் வரிசை இப்படி வருகிறது. ஓடுகிற இரண்டு உலைகளும் ஓடட்டும். தோண்டிய அலகுகளை முடிக்கட்டும், ஆனால் அதே கரையில் ஏழாவது வேண்டாம். புதுப் பணம் சோலாருக்கும் அதைவிட முதலில் சேமிப்புக்கும் போகட்டும். சேமிப்பு ஏற ஏறத் தூத்துக்குடிப் பழைய அலகுகளை ஒவ்வொன்றாக நிறுத்தலாம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர் "பாதுகாப்பா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஜெனரேட்டர்கள் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர், எல்லாம் ஒரே கட்டிடத்திலா, வெளிக் கரண்ட் முழுக்கப் போனால் எத்தனை மணி நேரம், குளத்தில் கிடக்கும் தீர்ந்த கட்டுகள் எத்தனை, போன முறை வெளியேற்ற ஒத்திகை எந்தக் கிராமத்தில் நடந்தது என்று கேட்க வேண்டும். இவற்றுக்கு எண்ணில்தான் பதில் சொல்ல முடியும்.

மாடியில் என்ன செய்யலாம்

வீட்டளவில் முடிவு எளிது. மூன்று கிலோவாட் சோலாருக்கு நிழல் விழாத 300 சதுர அடி மாடி வேண்டும். மதுரை அட்சரேகை பத்து டிகிரிதான், அதனால் தெற்கே பார்த்துப் பத்து டிகிரி சாய்வு போதும். அதைவிடச் செங்குத்தாக நிறுத்தினால் காற்றுதான் அதிகம் பிடிக்கும். நாளுக்குச் சராசரி 12 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 700 யூனிட் பக்கம். மத்திய அரசு மானியம் மூன்று கிலோவாட்டுக்கு ₹78,000. தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையில் ஒரு தகட்டில் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். தொட்டியை நகர்த்துவது இரண்டு தகடு கூடுதலாக வாங்குவதைவிட மலிவு.

பலர் ஏமாறுவது ஒரே இடத்தில். பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர், தெருவில் கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் தானாக அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயாமல் இருக்கத்தான் அப்படி. கரண்ட் போகும்போதும் வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் ஐந்து யூனிட் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியும் தேவை. சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை இரண்டு சாதாரண ஃபேன் 1.8 யூனிட், நாலு எல்.இ.டி. விளக்கு 0.2, டிவி 0.3, ஃப்ரிட்ஜ் அரை யூனிட். மொத்தம் மூன்றுக்குள் அடங்கும், பேட்டரி தாங்கும். ஒன்றரை டன் ஏசியை எட்டு மணி நேரம் ஓட்டினால் அது மட்டுமே எட்டு, ஒன்பது யூனிட். அதைப் பேட்டரியில் மாட்டக் கூடாது. வயரிங் போடும்போதே ஏசிக்குத் தனி லைனாகப் பிரித்து மின்வாரியக் கரண்டில் விட்டுவிடச் சொல்லுங்கள்.